நெல்லைச் சீமைப் பட்டறைகள் ஒரு குழுமமாகத் திரள்வது எப்படி: அளவை அறையிலிருந்து தொடங்கும் வழிமுறை

திருநெல்வேலி பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர் போன்ற ஊர்களிலும் இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட்டு என்ற அளவில் நடக்கும் பட்டறைகள் பல உண்டு. அதே சீமைக்குள் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட்டுகளின் திரவ எஞ்சின்களைச் சோதிக்கிறது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன, மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பி ராதாபுரம், வள்ளியூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயரும் சூரிய மின்கலமும் உற்பத்தியாகின்றன, தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் ஆலை ஓடுகிறது. ஆனால் இவற்றுக்கு வேண்டிய துல்லியமான ஓர் உதிரிபாகத்தைக் கேட்டுச் சென்றால், நம் பட்டறைக்காரர்கள் பலரும் “அதுக்குக் கோயம்புத்தூருக்குத்தான் போகணும் அண்ணாச்சி” என்றே சொல்லி அனுப்புகிறார்கள்.

கைத்திறன் இல்லாததால் இந்த நிலை வரவில்லை. உடைந்த பாகத்தைக் கண்ணால் பார்த்தே அதே போல இன்னொன்று கடைந்து தரும் டர்னர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தாங்கள் செய்த பொருள் வரைபடத்தில் கேட்ட அளவில்தான் இருக்கிறது, கேட்ட உலோகத்தில்தான் இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வசதிதான் இல்லை. இந்த வசதியைத் தனியொரு பட்டறை வைத்துக் கட்டுப்படியாக்க முடியாது, பத்துப் பதினைந்து பட்டறைகள் சேர்ந்தால் முடியும். ஆகவே, பொறியியல் குழுமம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் கணினியால் இயங்கும் பெரிய சிஎன்சி இயந்திரத்தையோ கட்டடத்தையோ முதலில் நினைக்காமல், பாகங்களைத் துல்லியமாக அளந்து சோதிக்கும் பொதுவான ஓர் அளவை அறையை முதலில் அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதை அடைவதற்கான படிகளும், அதற்குப் பின் புதிய பொருள்களை உருவாக்கும் முறையும் கீழே விளக்கப்படுகின்றன.

யாரைச் சேர்ப்பது, முதல் கூட்டத்தில் என்ன கேட்பது

ஒரே வேலையைச் செய்யும் பட்டறைகளை மட்டும் கூட்டினால் பேச்சு விலைப் போட்டியில் போய் முடியும். கடைசல், மில்லிங், பற்சக்கரம் வெட்டுதல், வார்ப்பு, வெப்பப் பதப்படுத்தல், ஃபேப்ரிகேஷன், மோட்டார் ரீவைண்டிங் என்று ஒருவர் வேலையை மற்றவர் தொடரக்கூடியவர்களாகப் பார்த்து அழைக்க வேண்டும். ஒரு பாகம் முழுமையாக உருவாவதற்குத் தேவையான எந்தப் படி நம் ஊரில் இல்லை என்பது இப்படிக் கூட்டும்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் வெப்பப் பதப்படுத்தலும் பற்சக்கர வேலையும்தான் விடுபட்டிருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

முதல் கூட்டத்துக்கு வருபவர் ஒவ்வொருவரையும், கடந்த ஆறு மாதங்களில் தாம் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலைகளின் பட்டியலோடு வரச் சொல்லுங்கள். செய்த வேலைகளின் பட்டியலைக் கேட்டால் வாடிக்கையாளர் பெயரை வெளியிடத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. திருப்பி அனுப்பிய வேலையில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. என்ன பாகம், என்ன உலோகம், எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்ற மூன்று விவரங்கள் போதும். “அளவுச் சான்று கேட்டார்கள்”, “மெட்டீரியல் சர்ட்டிஃபிகேட் கேட்டார்கள்”, “ஹார்ட்னஸ் எவ்வளவு என்று கேட்டார்கள்” என்று ஒரே மாதிரியான காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்போது, பொதுவாக எதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் பட்டியலே பதில் சொல்லிவிடும். பின்னாளில் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் குழும நிலை ஆய்வறிக்கைக்கும் இதுவே அடிப்படை ஆவணமாகும்.

அளவை அறை

அளவை அறை ஏன் முதலில் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டு கொண்டு பார்க்கலாம். 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட்டுக்கு வரைபடத்தில் ‘ஸ்மால் எச் 6’ என்ற பொருத்த அளவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருள், முடிந்த விட்டம் 40.000 மி.மீ.க்கும் 39.984 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது. இடைவெளி வெறும் 0.016 மி.மீ., அதாவது 16 மைக்ரான். நம் பட்டறைகளில் வழக்கமாகப் புழங்கும் வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். கருவியின் ஒரே ஒரு கோடு, அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியைவிடப் பெரியது. டர்னர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அவர் சரியாகச் செய்தாரா இல்லையா என்பதை அவராலேயே அறிய முடியாது. 0.01 மி.மீ. படிக்கும் சாதாரண மைக்ரோமீட்டரும் இதற்குப் போதாது. 0.001 மி.மீ. படிக்கும் மைக்ரோமீட்டரும், அதைச் சரிபார்க்க, துல்லியமான அளவில் செய்த கட்டைகள் அடங்கிய ஸ்லிப் கேஜ் பெட்டியும் வேண்டும்.

அடுத்தது வெப்பம். உலகெங்கும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியவையாகவே குறிக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசியில் நம் தகரக் கூரைப் பட்டறைக்குள் 38 டிகிரி இருப்பது சாதாரணம். 200 மி.மீ. நீளமுள்ள எஃகுத் துண்டு ஒன்று அந்த 18 டிகிரி வேறுபாட்டில் சுமார் 0.04 மி.மீ. நீண்டுவிடும், அதே நீளமுள்ள அலுமினியத் துண்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 0.08 மி.மீ. நீளும். எஃகுப் பாகத்தை அதே வெப்பத்தில் உள்ள எஃகுக் கருவியால் அளந்தால் பிழை பெருமளவு கழிந்துவிடும். அலுமினியப் பாகத்தை அளந்தால் 0.04 மி.மீ. கூடுதலாகக் காட்டும். வேலை செய்பவர் அந்தக் கூடுதலைக் கடைந்து எடுத்துவிடுவார், குளிரூட்டிய அறையில் அதைப் பரிசோதிக்கும் நிறுவனம் அளவு குறைவு என்று திருப்பி அனுப்பிவிடும். இரு தரப்பும் தத்தம் அளவில் உண்மையையே சொல்லியிருப்பார்கள்.

எனவே அறையைப் பின்வருமாறு அமைக்க வேண்டும். தரைத்தளத்தில், பவர் பிரஸ், ஹேமர் போன்ற அதிரும் இயந்திரங்களுக்கும் லாரி ஓடும் சாலைக்கும் விலகிய, வெயில் நேரே படாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். அதை 20 டிகிரியில் தொடர்ந்து வைத்திருக்கும்படி குளிர்சாதனம் பொருத்துங்கள், இரவில் அணைத்துக் காலையில் போடுவது பயன் தராது. கருங்கல் சர்ஃபேஸ் பிளேட், ஹைட் கேஜ், பல அளவு மைக்ரோமீட்டர்கள், போர் கேஜ், ஸ்லிப் கேஜ் பெட்டி, ராக்வெல் கடினத்தன்மைச் சோதனைக் கருவி, மேற்பரப்புச் சொரசொரப்பை அளக்கும் கருவி ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மூன்று அச்சிலும் அளக்கும் சிஎம்எம் கருவியை முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதை இயக்கத் தேர்ந்த ஆளும், நாள் முழுவதும் அதற்கு வேலையும் இல்லாவிட்டால், அது குழுமத்தின் மாதச் செலவை மட்டுமே கூட்டும்.

அளக்கக் கொண்டுவரும் பாகத்தை எண்ணெயும் பிசிறும் போகத் துடைத்து, அறைக்குள்ளேயே சில மணி நேரம் வைத்த பிறகே அளக்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பலரும் மீறத் துடிப்பார்கள், லோடு வண்டி வாசலில் நிற்கிறது என்பார்கள். அறையின் பொறுப்பாளருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

கருவிகளை ஆண்டுதோறும் தேசிய அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்பி, தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மூல அளவு வரை தொடர்பு காட்டும் சான்றைப் பெற வேண்டும். அந்தச் சான்றின் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் உங்கள் அளவு அறிக்கை எழுதப்பட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் பதிவேடுகள் ஒழுங்காக நடந்த பின், ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் கீழ் ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரத்தை நம் அறைக்கே கோரலாம். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியா முன்னின்று உருவாக்கிய சிட்டார்க் சோதனை மையம், சிறுதொழில்கள் சேர்ந்து இத்தகைய கூடத்தை நடத்த முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள சான்று. குழுமத்தின் முன்னோடிகள் அங்கே நேரில் சென்று பார்த்துவருவது நல்லது.

சட்ட வடிவமும் மானியமும்

குழுமம் தன் பெயரில் சொத்து வாங்கவும் வங்கிக் கணக்கு வைக்கவும் அதற்குச் சட்ட உருவம் வேண்டும். கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், பதிவு பெற்ற சங்கம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், கணக்கும் தணிக்கையும் கண்டிப்பாக நடப்பதால் கம்பெனி வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன். எந்த ஒரு பட்டறையும் பத்து விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று விதி எழுதிவிடுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவு பெற்றிருப்பது கட்டாயம்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் குழும மேம்பாட்டுத் திட்டம், 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பொது வசதி மையங்களுக்கு 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களில் 70 விழுக்காடும், 10 கோடி முதல் 30 கோடி வரையிலான திட்டங்களில் 60 விழுக்காடும் மானியம் வழங்குகிறது. நான் மேலே சொன்ன அளவை அறைக்கு 5 கோடி தேவைப்படாது. மானியத்தின் கீழ் வரம்பை எட்டுவதற்காகத் தேவையில்லாத இயந்திரங்களைச் சேர்த்துத் திட்டத்தைப் பெருக்கிக் காட்டுவது குழுமத்தைத் தொடக்கத்திலேயே கடனில் தள்ளும். அறையை உறுப்பினர்களின் சொந்தப் பங்குப் பணத்தில் தொடங்கி, இரண்டாண்டுக் கணக்கையும் பயன்பாட்டுப் பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு வெப்பப் பதப்படுத்தும் உலையோ பற்சக்கரப் பிரிவோ கேட்டு விண்ணப்பியுங்கள். சிறிய திட்டங்களுக்கு மாநில அரசின் உதவியும் உண்டு. நடப்பிலுள்ள நிபந்தனைகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

கட்டணமும் கட்டுப்பாடும்

உறுப்பினர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று தொடங்கும் பொது வசதி நீடிக்காது. கணக்கை இவ்வாறு போடுங்கள்: பொறுப்பாளர் சம்பளம், மின்கட்டணம், அளவுத்திருத்தச் செலவு, தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 1,00,000 ரூபாய் ஆகிறது என்று கொண்டால், மாதத்தில் 25 நாள், நாளுக்கு 5 மணி நேரம் உண்மையில் வேலை நடக்கும் என எதிர்பார்த்து 125 மணியால் வகுத்தால், மணிக்கு 800 ரூபாய் வருகிறது. உறுப்பினருக்கு இந்த அடக்க விலை, வெளியாருக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று வைக்கலாம். நாளுக்கு 5 மணி வேலை வராது என்று தோன்றினால், கட்டணத்தை உயர்த்துவதைவிட அறை திறந்திருக்கும் நாட்களைக் குறைப்பதே சரி.

பணத்தைவிட நுட்பமான பிரச்சினை ரகசியம். போட்டிப் பட்டறையின் பாகமும் வரைபடமும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஆகவே பொறுப்பாளர் எந்தப் பட்டறை உரிமையாளரின் உறவினராகவும் இருக்கக் கூடாது, வரைபடங்கள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், அறிக்கையில் வாடிக்கையாளர் பெயருக்குப் பதிலாக எண் மட்டுமே இடம்பெற வேண்டும். ஊருக்குள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமா, மச்சான், அண்ணாச்சி என்று பழகும் இடத்தில் இந்த விதிகள் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் உறவு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவை வேண்டும்.

உடைந்த பாகத்திலிருந்து புதிய வடிவத்துக்கு

அளக்கத் தெரிந்த குழுமம்தான் புதியதை உருவாக்கவும் முடியும். அதற்கான மூலப்பொருள் நம் பட்டறை வாசலுக்குத் தானாகவே வருகிறது. பிசான அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரத்தின் ஷாஃப்ட் முறிந்து வருகிறது. “இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு தாங்க அண்ணாச்சி, வண்டி வயல்ல நிக்குது” என்கிறார் ஓட்டுநர். நாமும் இரவோடு இரவாக அதே போல ஒன்றைக் கடைந்து கொடுத்துவிடுகிறோம், அடுத்த பருவத்தில் அது அதே இடத்தில் முறிகிறது.

முறிந்த முகத்தை உடனே வீசிவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பகுதி வழுவழுப்பாக, கடற்கரையில் அலை வந்து வந்து விட்டுச்சென்ற கோடுகளைப் போன்ற வளைவுகளோடு இருக்கும், மற்றொரு பகுதி மணல்மணலாகக் கரடுமுரடாக இருக்கும். வழுவழுப்பான பகுதி, விரிசல் பல நாளாகச் சிறிது சிறிதாக முன்னேறியதன் தடம். கரடான பகுதி, மிச்சமிருந்த உலோகம் சுமை தாங்காமல் ஒரே கணத்தில் பிய்ந்ததன் தடம். அந்த வளைவுகள் எந்த இடத்தை மையமாகக் கொண்டு விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. பெரும்பாலும் அது விட்டம் மாறும் படியின் உள்மூலையாகவோ, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி உட்காரும் சாவிப்பள்ளத்தின் முனையாகவோ இருக்கும். கூர்மையான உள்மூலையில் இழுவிசை குவிவதால் உலோகம் அங்கே முதலில் களைத்துப் போகிறது. அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் 2 மி.மீ. ஆரத்தில் வளைத்துக் கடைந்தாலே ஆயுள் வெகுவாகக் கூடும். ஆனால் அந்தப் படியில் பேரிங் உட்கார வேண்டுமானால், பேரிங்கின் உள்வளையத்து மூலை வளைவு நாம் விடும் ஆரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் பேரிங் தோளில் பதியாமல் நின்றுவிடும். அப்போது ஆரத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு இடையில் ஒரு ஸ்பேசர் வளையம் போட வேண்டியிருக்கும்.

தேய்ந்த ஷாஃப்ட்டின் மேல் வெல்டிங் வைத்துக் கட்டி மீண்டும் கடைவது நம் பக்கம் பரவலான பழக்கம். இஎன்8, இஎன்24 போன்ற எஃகு வகைகளை முன்கூட்டியே சூடாக்காமல் இப்படிச் செய்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி கடினமாகி நொறுங்கும் தன்மை பெற்று, விரிசலுக்கு வழிவிடும். கட்டிய பின் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளை டெவலப்பர் தெளிக்கும் எளிய சோதனையைச் செய்தால், கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்பு விரிசல் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். சில டப்பாக்களின் விலையில் முடியும் இந்தச் சோதனை ஒவ்வொரு உறுப்பினர் பட்டறையிலும் இருக்க வேண்டும்.

ஆகவே குழுமத்தில் ஒரு முறிவுப் பதிவேடு வையுங்கள். எந்த இயந்திரம், எந்தப் பாகம், எந்த மாதம், எந்த இடத்தில் முறிந்தது, முறிந்த முகத்தின் படம், உலோகம், கடினத்தன்மை ஆகிய விவரங்களை எழுதுங்கள். ஒரே பாகம் பல பட்டறைகளில் ஒரே இடத்தில் முறிந்திருப்பது பதிவேட்டில் தெரியும்போது, அதை மாற்றி வடிவமைத்துக் குழுமத்தின் சொந்தப் பொருளாக விற்கலாம். கார், பிசானம் என இரு நெல் பருவமும் ஓடும் அறுவடை இயந்திரங்கள் ஒரு துறை. களக்காடு வட்டாரத்து வாழை இன்னொரு துறை: வெட்டி எறியப்படும் வாழைத்தண்டு மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இயந்திரத்தில், சுழலும் உருளையின் தகடுகளுக்கும் எதிர்த்தகட்டுக்கும் இடையிலான இடைவெளியே நாரின் தரத்தை முடிவு செய்கிறது. அந்த இடைவெளியை எளிதாகத் திருகிச் சரிசெய்யும் அமைப்பையும், ஊட்டுபவரின் கை உள்ளே போகாதபடி தடுக்கும் அமைப்பையும் சேர்த்து ஒரு நல்ல இயந்திரத்தை நம் பட்டறைகளே செய்ய முடியும். பத்தமடைப் பாய்க்குக் கோரையைச் சீராகக் கிழிக்கும் வேலையையும் இந்த வரிசையில் எண்ணிப் பார்க்கலாம், நெய்பவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே அதில் இறங்க வேண்டும்.

கல்லூரியோடு சேர்வது

1981இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி பாளையங்கோட்டை அருகிலும், அரசு தொழிற்பயிற்சி நிலையம் பேட்டையிலும் இருக்கின்றன. கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பயன் ஒன்றுமில்லை. முறிவுப் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்து, மூன்றாம் ஆண்டின் இறுதியிலேயே இயந்திரவியல் மாணவர் குழு ஒன்றிடம் கொடுங்கள். இறுதியாண்டின் கடைசி மாதங்களில் கொடுத்தால் அறிக்கை மட்டுமே மிஞ்சும். கணினியில் விசைப் பகுப்பாய்வு செய்வது அவர்கள் பங்கு, பாகத்தைக் கடைந்து வயலில் ஓட்டிப் பார்ப்பது பட்டறையின் பங்கு. மாணவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது லேத்தருகே நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதிய வடிவம் காப்புரிமைக்குத் தகுதியானது என்று தோன்றினால், அதைக் கண்காட்சியில் வைப்பதற்கும் விற்பதற்கும் முன் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட வேண்டும். உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனம் இணையவழியில் தாக்கல் செய்யும் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. அதன் பின் 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். கல்லூரியும் பட்டறையும் கூட்டாக உரிமை பெற்றால், ஒருவர் சம்மதமின்றி மற்றவர் அந்த உரிமையைப் பிறருக்கு உரிமமாகக் கொடுக்க இயலாது. ஆகையால் யாருக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்வது அவசியம்.

முதல் ஆர்டர்

பெரிய நிறுவனங்களிடம் முதலில் கேட்க வேண்டியது கடினமான வேலையை அல்ல. புஷ், பிளேஞ்ச், ஸ்பேசர், ஃபிக்ஸ்சர் போன்ற எளிய பாகங்களைக் கேளுங்கள், அவற்றோடு அளவு அறிக்கை, உலோகச் சான்று, இரும்புக் கம்பியில் பொறித்த வார்ப்பு எண்ணிலிருந்து முடிந்த பாகம் வரை தொடரும் பதிவு ஆகியவற்றை அவர்கள் கேட்காவிட்டாலும் சேர்த்துக் கொடுங்கள். காற்றாலைகளுக்கு வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றுப் பருவம், அப்போது இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள். ஐப்பசிக்குப் பின் பராமரிப்பு தொடங்கும் என்பதால், ஆவணியிலேயே மாதிரிப் பாகங்களோடு போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆர்டர் தாளில் உத்யம் எண்ணைக் குறிப்பிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும், தவறினால் வட்டி கோரலாம்.

ஒரு பட்டறைக்கு வந்த ஆர்டரில் பற்சக்கரத்தை இன்னொன்றும் கடினப்படுத்தலை மூன்றாவதும் செய்யும்போது, பாகம் ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் அளவை அறை வழியாகச் சென்று வர வேண்டும். தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பது அப்போதுதான் சண்டையின்றித் தெரியும், திருத்தும் செலவை எந்தப் பட்டறை ஏற்பது என்பதும் அந்த அறிக்கையைக் கொண்டே முடிவாகும்.